இறுக்கிய பிறகு எவ்வளவு? ஃபிக்சர் பிளேட், வைஸ் ஆகியவற்றின் துல்லியம் பற்றிய ஓர் ஆய்வு

மில்லிங் வைஸ் ஒன்றின் விவரத்தாளில் வழக்கமாக மூன்று எண்கள் இருக்கும். படுகைக்கும் அடிப்பரப்புக்கும் இடையிலான இணைத்தன்மை ஒன்று. நிலை ஜா படுகைக்குச் செங்குத்தாக நிற்கும் அளவு இன்னொன்று. ஒரே ஜோடியாக வாங்கிய இரண்டு வைஸ்களின் படுகை உயரம் எவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போகிறது என்பது மூன்றாவது. 10 மைக்ரான், 20 மைக்ரான் என்ற அளவில் இந்த எண்கள் அச்சாகின்றன. அதே வைஸில் பிடித்து வெட்டிய ஜாபை மேசையிலிருந்து இறக்கி சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து டயல் போட்டால் 40, 50 மைக்ரான் விலகல் தெரிவதும் நடக்கிறது. வைஸ் பொய் சொல்லவில்லை. மெஷினும் சோதனையில் தேறியதுதான். இடையில் நுழைந்த பிழை எங்கிருந்து வந்தது?

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. பரப்பைத் தட்டையாக்கினால் போதும் என்றார்கள் ஒரு சாரார். ஆதாரப் புள்ளியைச் சரியாகத் தேர்வதுதான் முக்கியம் என்றார்கள் மற்றொரு சாரார். மெஷின் மேலேயே வெட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்பது பிறகு வந்த விடை. எங்கே உட்கார்ந்தாலும் ப்ரோப் கண்டுபிடித்துவிடும் என்பது இப்போதைய விடை. ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை இறுக்குவதற்கு முன்பிருக்கும் நிலையைப் பற்றியே பேசுகின்றன என்பதை இக்கட்டுரை கவனப்படுத்த விரும்புகிறது.

தட்டையான பரப்பு: விட்வொர்த்தின் மரபு

லண்டனில் ஹென்றி மாட்ஸ்லியின் பட்டறையில் பயின்ற ஜோசப் விட்வொர்த், 1840இல் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் கழகக் கூட்டத்தில், உண்மையான தட்டைப் பரப்பை உருவாக்கும் முறையை விளக்கினார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சுரண்டினால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் முழுமையாகப் பொருந்திவிடலாம்; அதைத் தட்டை என்று சொல்ல முடியாது. மூன்று தகடுகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டால் அந்த ஏமாற்று நடக்காது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் மூன்றும் தட்டையாக இருந்தே ஆக வேண்டும். எமரித் தூள் போட்டுத் தேய்ப்பதை விட்டுவிட்டு, உயர்ந்த புள்ளிகளை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டி எடுக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அளப்பதற்கு ஒரு மூல அளவுகோல் இல்லாமலேயே துல்லியத்தைப் பிறப்பிக்கும் இந்த முறை, பொறியியல் வரலாற்றின் மிக அழகான கருத்துகளில் ஒன்று.

ஃபிக்சர் பிளேட் தயாரிப்பாளர்களின் முதல் வாதம் இன்றும் இந்த மரபில் நிற்கிறது: கிரைண்ட் செய்த தகடு, இத்தனை மைக்ரான் தட்டை. இதன் பலவீனம் எளிமையானது. தகடு தனியாகக் கிடக்கும்போதுதான் அந்த எண் செல்லும். மேசையில் போல்ட் போட்டு இறுக்கியதும் தகடு மேசையின் வடிவத்தை ஏற்கத் தொடங்குகிறது.

கணக்கிட்டால் அளவு தெரியும். 400 மி.மீ. அகலமும் 25 மி.மீ. தடிமனும் உள்ள அலுமினியத் தகடு 200 மி.மீ. இடைவெளியில் இரு முனைகளிலும் தாங்கப்பட்டு, நடுவில் 0.05 மி.மீ. சந்து இருப்பதாகக் கொள்வோம். அந்தச் சந்தை மூட ஏறத்தாழ 11 கிலோ நியூட்டன் விசை போதும். 80 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்கிய ஒரே ஒரு எம்12 போல்ட் தரும் விசையோ 30 கிலோ நியூட்டனைத் தாண்டும். சந்து மூடிக்கொள்ளும், தகடு வளைந்துவிடும், மேலே டயல் ஓட்டுபவருக்கு அந்த வளைவு தெரியும், அதன் காரணம் தெரியாது. விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், அதே தகடு 50 மி.மீ. ஆனால் எட்டு மடங்கு விறைப்பாகும். எடையும் ஏறும், இசட் உயரமும் குறையும். தட்டையை விலைக்கு வாங்கும்போது எந்த மேசையின் மேல், எத்தனை போல்ட்டில் என்று கேட்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் குறைவு.

தகட்டின் உலோகமும் இங்கே பேசப்பட வேண்டும். உருட்டித் தயாரித்த அலுமினியத் தகட்டுக்குள் அழுத்தம் உறைந்து கிடக்கும். ஒரு பக்கத்தை மட்டும் ஃபேஸ் செய்து எடுத்தால் அது வில்லாக நிற்கும். டி651 நிலையில் வரும் தகடுகளை இழுத்து நீட்டி அந்த அழுத்தத்தைப் பெருமளவு தணித்திருப்பார்கள். வார்ப்பில் வரும் டூலிங் பிளேட் இன்னும் அமைதியானது, ஆனால் மென்மையானது. அதில் நூல் மறை நேரடியாகப் போட்டால் தேய்ந்துவிடும், எஃகுச் செருகு தேவைப்படும். 600×400×30 மி.மீ. அளவில் எஃகுத் தகடு 56 கிலோவுக்கு மேல், அலுமினியம் 20 கிலோவுக்குள். இரண்டு பேர் இல்லாமல் ஏற்றி இறக்கும் சிறு பட்டறைக்கு இந்த வேறுபாடு மைக்ரானைவிடப் பெரிய காரணமாகவே இருந்துவருகிறது.

ஆதாரப் புள்ளி: ஹாலின் விடை

விட்வொர்த்துக்கு முன்பே, அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் துப்பாக்கி செய்த ஜான் ஹால் வேறொரு வழியில் சிந்தித்தார். 1820களில் உதிரிபாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடியதாகச் செய்ய முனைந்த அவர், ஒவ்வொரு வெட்டுக்கும் முந்தைய வெட்டையே ஆதாரமாகக் கொண்டால் பிழைகள் கூடிக்கொண்டே போகும் என்பதைக் கண்டார். எல்லா வேலைகளுக்கும் ஒரே தாங்குபுள்ளியிலிருந்து ஜாபை நிலைநிறுத்தும்படி தம் ஃபிக்சர்களை அமைத்தார். இங்கே கேள்வி பரப்பு எவ்வளவு தட்டை என்பதிலிருந்து, ஜாப் எந்தப் புள்ளியைத் தொட்டு நிற்கிறது என்பதற்கு நகர்ந்தது.

பிற்காலத்தில் 3-2-1 விதியாகப் பாடநூல்களில் நிலைத்தது இதன் நீட்சிதான். அடியில் மூன்று புள்ளி, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று. ஆறு அசைவுகளும் கட்டுண்டுவிடும். ஏழாவது புள்ளி வந்தால் ஜாப் ஆடும் அல்லது வளையும். கெல்வினும் மேக்ஸ்வெல்லும் அறிவியல் கருவிகளுக்கு முன்வைத்த கருத்தும் இதுவே. அளவுக்கருவிகளில் அது தோற்றதில்லை.

வெட்டும் மெஷினில் இதை அப்படியே கொண்டுவர முடியாது என்பதுதான் இதற்கு எதிரான வாதம். மூன்று புள்ளியில் நிற்கும் தகட்டின் ஓரத்தில் எண்ட் மில் இறங்கினால் தகடு அதிரும், தாழும். ஆகவே கூடுதல் தாங்கல் வைக்கிறோம்; வைத்ததும் விதியை மீறுகிறோம். வைஸ் என்பதே முழுப் பரப்புகளால் பிடிப்பது, அதாவது அந்த விதியைத் தொடக்கத்திலேயே மீறிய கருவி. ஆனாலும் அது வேலை செய்கிறது. காரணம், தொடும் பரப்புகள் போதுமான அளவு நேராகவும் இறுக்கும் விசை போதுமான அளவு பெரிதாகவும் இருப்பதுதான். அந்தப் பெரிய விசையே பிறகு சிக்கலாகவும் மாறுகிறது.

டோவல் பின் விஷயத்தில் மட்டும் ஹாலின் மரபு தெளிவான, கணக்கிடக்கூடிய பாடம் தருகிறது. 12 மி.மீ. துளை எச்7, பின் ஜி6 என்று வைத்தால் அதிகபட்சத் தளர்வு 35 மைக்ரான். இரண்டு பின்களுக்கு இடையே 100 மி.மீ. தூரம் இருந்தால் அந்தத் தளர்வு 300 மி.மீ. நீள ஜாபின் திசையை நூறு மைக்ரான் வரை திருப்பிவிடலாம். அதே பின்களை 400 மி.மீ. தள்ளி வைத்தால் அது 26 மைக்ரானாகச் சுருங்கும். பின்னின் தரத்தை ஒரு படி உயர்த்துவதைவிட அவற்றைத் தள்ளி வைப்பது மலிவான வழி. ஒரு பின் உருண்டையாகவும் மற்றொன்று பக்கம் சீவப்பட்டும் இருந்தால் துளைகளின் இடைத்தூரப் பிழை ஜாபை நெருக்காது என்பதும் பழைய, இன்றும் பழுதில்லாத ஏற்பாடு.

மேசை மேலேயே வெட்டிக்கொள்வது

மூன்றாவது தரப்பு நடைமுறையாளர்களுடையது. தகட்டைப் போல்ட் போட்டு இறுக்கு, ஃபேஸ் கட்டரால் மெல்லிய ஒரு வெட்டு கொடு, டோவல் துளைகளையும் அங்கேயே போடு. தகடு இனி இந்த மெஷினுக்குச் சொந்தம். போல்ட்டின் இழுவையும் மேசையின் குழிவும் வெட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. இறுக்கிய நிலையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட முதல் விடை என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

இந்த முறை தருவது எது, தராதது எது என்பதில்தான் குழப்பம். வெட்டப்பட்ட பரப்பு மெஷினின் எக்ஸ், ஒய் நகர்வுக்கு இணையாக இருக்கும். அந்த நகர்வு நேராக இருந்தால் மட்டுமே அது தட்டையாகவும் இருக்கும். மேசை ஓரத்துக்குப் போகும்போது சற்றே தொங்கும் மெஷினில் அந்தத் தொங்கல் தகட்டில் பதியும். சிறிய ஜாப்களின் தடிமன் அழகாக வரும், ஏனெனில் கீழும் மேலும் ஒரே பாதையில் வெட்டப்பட்டவை. தகடு முழுவதையும் அடைக்கும் நீண்ட ஜாபோ ஆடக்கூடும். ஸ்பிண்டிலின் சாய்வும் பதியும். ஆனால் 300 மி.மீ.க்கு 20 மைக்ரான் சாய்ந்த ஸ்பிண்டில், 80 மி.மீ. கட்டரால் உண்டாக்கும் குழிவு 3 மைக்ரானுக்குள்தான், ஆகவே இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. தகட்டைக் கழற்றி மீண்டும் ஏற்றினால் எல்லாம் அப்படியே திரும்பி வருமா என்பதற்குத்தான் யாரும் முன்கூட்டி உறுதி சொல்ல இயலாது.

நகரும் ஜா ஏன் தூக்குகிறது

வைஸின் துல்லியம் பற்றிய வாதங்களில் அதிகம் பேசப்படுவதும், பேசப்பட வேண்டியதும் இதுதான். திருகு ஜாவை அதன் கீழ்ப்பகுதியில் தள்ளுகிறது. ஜாப் அதை மேல்பகுதியில் தடுக்கிறது. இரண்டுக்கும் இடையிலான உயரம் ஒரு திருப்புவிசையாகி, வழித்தடத்தில் உள்ள தளர்வு அளவுக்கு ஜாவை மல்லாத்துகிறது. முகப்பக்கம் மேலே எழும்புகிறது. உராய்வால் ஒட்டியிருக்கும் ஜாபும் அதோடு எழுகிறது.

பட்டறையில் இதைக் காண கருவி வேண்டாம். இரண்டு பாரலல் மேல் ஜாபை வைத்து இறுக்கி, பாரலல்களை விரலால் தள்ளிப் பார்த்தால் போதும். நிலை ஜா பக்கத்துப் பாரலல் கடினமாக நிற்கும். நகரும் ஜா பக்கத்தது வழுக்கும். உடனே பித்தளை அல்லது நைலான் சுத்தியலால் ஜாபின் தலையில் தட்டி, பாரலல் இறுகும் ஓசை மாறும்வரை உட்கார வைப்பார்கள். தட்டிய பிறகு மீண்டும் இறுக்கினால் மீண்டும் எழும் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பல நாள் இதில் சிக்குவார்கள். நகரும் ஜாவுக்கும் ஜாபுக்கும் இடையே உருண்டைக் கம்பி ஒன்றைக் குறுக்கே வைத்து, எழும்பும் ஜா ஜாபை இழுக்காமல் செய்வதும் நெடுநாள் வழக்கம்.

இதற்கு வடிவமைப்பில் வந்த பதில் சாய்தள ஏற்பாடு. அமெரிக்காவின் கர்ட் நிறுவனம் ஆங்லாக் என்ற பெயரில் பரப்பிய வைஸில், நட்டின் சாய்ந்த முகம் ஓர் அரைக்கோளத் துண்டை அழுத்த, அது ஜாவை முன்னே தள்ளும்போதே கீழேயும் இழுக்கிறது. டூல்மேக்கர் வைஸில் சாய்வாக நிற்கும் போல்ட் அதே வேலையைச் செய்கிறது. இவற்றால் நகரும் ஜாவின் எழுச்சி வெகுவாகக் குறைகிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் விவாதம் பெரும்பாலும் நகரும் ஜாவோடு நின்றுவிடுகிறது. நிலை ஜா என்ற பெயர் நம்மை ஏமாற்றுகிறது, அதுவும் அசைகிறது. முறுக்குவிசை 100 நியூட்டன் மீட்டர், திருகின் ஏற்றம் 5 மி.மீ., திறன் 20 முதல் 25 விழுக்காடு என்று கொண்டால் ஜாவில் வரும் விசை 25 முதல் 31 கிலோ நியூட்டன், ஏறத்தாழ 3 டன். இந்த விசை நிலை ஜாவை வெளிப்புறமாகச் சாய்க்கிறது, அதைப் பிடித்திருக்கும் சாவியையும் போல்ட்டுகளையும் இழுக்கிறது, வைஸின் உடலையே வில்லாக வளைக்கப் பார்க்கிறது. வளையும் உடல் மெல்லிய அலுமினிய ஃபிக்சர் பிளேட் மேல் ஏற்றப்பட்டிருந்தால் அதையும் சேர்த்து இழுக்கும். வைஸையும் பிளேட்டையும் தனித்தனியே சோதித்து வாங்கிய இருவரின் எண்களும் இங்கே பயன்படாமல் போகின்றன.

இதே திருகில் எண்ணெய் காய்ந்து திறன் 15 விழுக்காட்டுக்கு இறங்கினால் அதே முறுக்குவிசை 19 கிலோ நியூட்டன்தான் தரும். டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குவது கைக்குக் கை உள்ள வேறுபாட்டைக் குறைக்கும். திருகைத் துடைத்து எண்ணெயிடாவிட்டால் அதுவும் முழு விடையாகாது.

சாஃப்ட் ஜா இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த மிக நேர்மையான தீர்வு என்று தோன்றுகிறது. ஜாக்களுக்கு இடையே ஒரு துண்டை வைத்து, உற்பத்தியில் போடப்போகும் அதே விசையில் இறுக்கி, அந்த நிலையிலேயே படியை வெட்டுகிறார்கள். ஜா எவ்வளவு சாய்ந்திருந்தாலும் அந்தச் சாய்வோடு சேர்த்தே வெட்டப்படுவதால், அடுத்த முறை அதே விசையில் இறுக்கும்போது படி சரியான இடத்துக்கு வரும். விசை மாறினால் மட்டுமே தோற்கும்.

ப்ரோப்பும் ஜீரோ பாயின்ட்டும்

அண்மைக்கால விடை, ஜாப் எங்கே உட்கார்ந்தாலும் தொட்டு அறிந்து ஆஃப்செட்டை மாற்றிக்கொள்ளலாம் என்பது. இதற்குத் துணையாக வந்தவை, கழற்றிய பிளேட்டையோ வைஸையோ அதே இடத்தில் மீண்டும் பூட்டும் ஜீரோ பாயின்ட் அமைப்புகள். இ.டி.எம். துறையில் எரோவா, சிஸ்டம் 3ஆர் போன்றவை வளர்த்த இந்த முறை, இன்று ஷங்க், லாங் போன்ற நிறுவனங்களால் மில்லிங்கில் பரவியிருக்கிறது. ஐந்து மைக்ரானுக்குள் திரும்பி உட்காரும் என்பது இவற்றின் வழக்கமான வாக்குறுதி.

திரும்பி உட்காருவதும் சரியான இடத்தில் உட்காருவதும் வேறு வேறு. ஒவ்வொரு முறையும் 30 மைக்ரான் தள்ளி, ஆனால் தவறாமல் அதே 30இல் வந்து நிற்கும் வைஸை ஒரே ஒரு ஆஃப்செட்டால் திருத்திவிடலாம். ஒரு முறை 5, ஒரு முறை 15 என்று அலையும் வைஸை அப்படி ஒரே ஆஃப்செட்டால் திருத்த முடியாது. ஜீரோ பாயின்ட் தரப்பின் வலு இதுதான். இதன் எல்லை உயரத்தில் இருக்கிறது: இணைப்பில் உண்டாகும் மிகச் சிறிய சாய்வு, அதற்குமேல் 200 மி.மீ. உயரத்தில் நிற்கும் ஜாபின் தலையில் பெருகி வரும். அளக்கும் கோட்டிலிருந்து தள்ளி நின்றால் சிறு சாய்வும் பிழையாகப் பெருகும் என்று 1890இல் எர்ன்ஸ்ட் ஆபே அளவுக்கருவிகளுக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்துகிறது.

ப்ரோப்பால் பார்க்க முடியாத ஒன்றும் உண்டு. ஜாப் பிடியில் நெரிபட்டிருப்பதை அது உணராது. 150×50 மி.மீ. பரப்பில் 30 கிலோ நியூட்டன் அழுத்தும்போது 100 மி.மீ. அகல அலுமினியக் கட்டி ஏறத்தாழ 6 மைக்ரான் சுருங்குகிறது. நடுவே பாக்கெட் எடுத்து மெல்லிய சுவர்களாக்கினால் அது பல மடங்காகும். பிடியில் இருக்கும்போது வட்டமாகப் போர் செய்த துளை, வைஸைத் தளர்த்தியதும் நீள்வட்டமாகிறது. மெஷினில் அளந்தபோது எல்லாம் சரியாக இருந்ததே என்று ஆபரேட்டர் சொல்வது உண்மைதான். இறுதி வெட்டுக்கு முன் வைஸை ஒருமுறை தளர்த்தி, குறைந்த விசையில் மீண்டும் பிடிக்கும் பழைய பழக்கத்துக்கு மாற்றாக இன்னும் எதுவும் வரவில்லை.

வெப்பமும் சுருளும்

நீளங்களுக்கான ஆதார வெப்பநிலை 20 டிகிரி என்று பன்னாட்டு அளவியல் குழு 1931இல் ஏற்றது. அம்பத்தூரிலோ கோயம்புத்தூரிலோ குளிரூட்டி இல்லாத கூடத்தில் அந்த எண் பெரும்பாலும் ஏட்டளவுதான். 10 டிகிரி ஏறும்போது 600 மி.மீ. அலுமினியத் தகடு ஏறத்தாழ 0.14 மி.மீ. நீள முயல்கிறது, அடியிலுள்ள வார்ப்பிரும்பு மேசை 0.07 மி.மீ.தான் நீளும். மீதி 70 மைக்ரானுக்குத் தகடு வழுக்க வேண்டும் அல்லது வளைய வேண்டும். மைய டோவலில் மட்டும் கட்டி ஓரத்தை நீள விடுவது, காலையில் எடுத்த ஜீரோவைப் பிற்பகலில் மீண்டும் தொட்டுப் பார்ப்பது ஆகியவை பரவலான தற்காப்புகள். எஃகுத் தகடு வார்ப்பிரும்போடு ஏறத்தாழ ஒத்து நீள்வதால் இந்தக் கணக்கில் அது முந்துகிறது.

சுருளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 0.05 மி.மீ. தடிமனுள்ள ஒரு துணுக்கு 200 மி.மீ. தகட்டின் ஒரு ஓரத்தில் சிக்கினால் மீட்டருக்கு 0.25 மி.மீ. சாய்வு. அது தலைமுடியைவிட மெல்லியது. கிரைண்ட் செய்த பிளேட்டின் விலை முழுவதையும் அது ஒரே நொடியில் விழுங்கிவிடும். எண்ணெய்க்கல்லால் பரப்பை வருடிப் பர்ரை உணர்ந்து, உள்ளங்கையால் துடைத்து, பிறகே வைஸை இறக்கும் பழைய டர்னர், ஃபிட்டர்களின் பழக்கத்தை நேர விரயம் என்று ஒதுக்குபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தீராமல் நிற்பவை

மெஷின் டூல்களைச் சோதிக்கும் முறையை 1927இலேயே நூலாக வகுத்தவர் கியோர்க் ஷ்லெஸிங்கர். இன்றைய ஐ.எஸ்.ஓ. 230 வரிசையின் முதல் பகுதி, மெஷினின் வடிவத் துல்லியத்தைச் சுமையற்ற அல்லது அரைநிலையான (குவாசி-ஸ்டாட்டிக்) நிலையில் அளப்பதற்கானது என்று தன் தலைப்பிலேயே சொல்கிறது. அது வெளிப்படையான, நியாயமான வரம்பு. வைஸ், பிளேட் விவரத்தாள்கள் அந்த வரம்பை எழுதாமலே அதே வழியில் போகின்றன என்பதுதான் குறை. இறுக்கிய பிறகு படுகை எவ்வளவு வளைகிறது, நிலை ஜா எவ்வளவு சாய்கிறது என்பதை வாங்குபவர் பெரும்பாலும் தானே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.

போல்ட் போட்ட அலுமினியத் தகடு வெப்பத்தில் வழுக்குமா, வளையுமா என்பதற்குப் பொதுவான விடை இல்லை. உராய்வு, போல்ட்டின் இடம், தடிமன் மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. சுத்தியலால் தட்டி உட்கார வைத்த ஜாப் உண்மையில் உட்கார்ந்ததா, அல்லது வளைந்து பாரலலைத் தொட்டதா என்பதும் ஒவ்வொரு ஜாபுக்கும் வேறுபடும். சாய்தள வைஸின் கீழ்நோக்கு இழுவை, ஜாபை ஜாவின் உச்சியில் பிடிக்கும்போது எவ்வளவு மிஞ்சுகிறது என்பதும் வைஸுக்கு வைஸ் மாறும்.

இவற்றில் சிலவற்றுக்காவது ஒரு பட்டறை தானே விடை காணலாம். கிரைண்ட் செய்த எஃகுக் கட்டி ஒன்று, டயல் ஒன்று, டார்க் ரெஞ்ச் ஒன்று போதும். கட்டியின் மேல்முகத்தில் மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, இறுக்குவதற்கு முன்பும் பின்பும் டயல் பார்த்து, திறந்து மூடிப் பத்து முறை செய்தால் முப்பது ஜோடி எண்கள் கிடைக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வேறுபாடு வைஸ் எவ்வளவு அசைகிறது என்று சொல்லும். பத்து முறைக்கும் இடையிலுள்ள சிதறல் அதை ஆஃப்செட்டால் திருத்த முடியுமா என்று சொல்லும். அந்தத் தாளை வைஸின் எண்ணோடு கோப்பில் வைத்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் எடுக்க வேண்டும்.